ரிப்போர்ட் வருவதற்கு முன்

(குடல் மருத்துவத்தில் பயிற்சி பெறும் இளம் மருத்துவர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)

எல்லோருக்கும் வணக்கம். முன்வரிசையில் பயிற்சி மருத்துவர்கள் இருக்கிறீர்கள். பின்னால் எண்டோஸ்கோபி அறையின் செவிலியர்களும், தெரிந்துகொள்ள வந்த பொதுமக்களும் இருக்கிறார்கள். குடலில் ஒரு பாலிப்பைப் பார்த்ததும், ரிப்போர்ட் வருவதற்கு முன்பே அது என்ன வகை என்று கண்ணால் கணிப்பது பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். அதனால் அடிப்படையிலிருந்தே தொடங்குகிறேன்.

பெருங்குடலின் உட்சுவரில் முளைக்கும் சிறு சதை வளர்ச்சியைப் பாலிப் என்கிறோம். எல்லாப் பாலிப்பும் ஒரே ரகம் இல்லை. ஹைப்பர்பிளாஸ்டிக் என்பது பெரும்பாலும் தொந்தரவு செய்யாத வகை. மலக்குடலிலும், அதற்குச் சற்று மேலே வளைந்திருக்கும் சிக்மாய்டு பகுதியிலும் சின்னச் சின்னதாக இருக்கும். அடினோமா அப்படியல்ல. எல்லா அடினோமாவும் இல்லாவிட்டாலும், சில அடினோமாக்கள் ஏறத்தாழ பத்து ஆண்டுகளில் மெல்ல மெல்லப் புற்றுநோயாக மாறும். மூன்றாவது வகை செசைல் செரேட்டட். இதுவும் புற்றுநோயாகக்கூடியதுதான். ஆனால் பார்வைக்கு ஹைப்பர்பிளாஸ்டிக் மாதிரியே இருக்கும். இதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

1969-ல் நியூயார்க்கில் வில்லியம் உல்ஃப், ஹிரோமி ஷின்யா என்ற இரண்டு மருத்துவர்கள், வயிற்றைக் கிழிக்காமல், ஆசனவாய் வழியாகப் பெருங்குடலுக்குள் செலுத்திப் பார்க்கும் கொலனோஸ்கோப் என்ற குழாய் வழியாகவே பாலிப்பை அகற்றிக் காட்டினார்கள். அன்று தொடங்கி வழக்கம் ஒன்றுதான். கண்ணில் பட்டதை எடு, பாட்டிலில் போடு, திசுவை நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்லும் பேத்தாலஜிக்கு அனுப்பு, காத்திரு. என்ன வகை என்பதைச் சொல்வது பேத்தாலஜி நிபுணரின் வேலை, நம்முடையது இல்லை என்று நாமும் இருந்துவிட்டோம்.

இந்த எண்ணத்தை மாற்றியவர்களில் முக்கியமானவர் ஜப்பானின் ஷின்-எய் குடோ. 1990-களில் அவர் பாலிப்பின் மேல் சாயம் தெளித்து, உருப்பெருக்கிப் பார்த்து, அதன் நுண்குழிகளின் வடிவத்தை வகைப்படுத்தினார். அடுத்து என்.பி.ஐ. என்ற குறுகிய அலைவரிசை ஒளி வந்தது. 415, 540 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல, பச்சை ஒளியை மட்டும் பாய்ச்சுவார்கள். இந்த இரண்டையும் ரத்தத்தின் ஹீமோகுளோபின் நன்றாக உறிஞ்சிக்கொள்வதால், ரத்த நாளங்கள் கறுத்துத் தெளிவாகத் தெரியும். அடினோமாவில் நாளங்கள் அதிகம். அதனால் சுற்றியிருக்கும் சவ்வைவிடப் பழுப்பாகத் தெரியும். பழுப்பு நாளங்களுக்கு நடுவே வெள்ளையாக நீள்வட்டங்களோ குழாய்களோ கிளைகளோ இருக்கும். ஹைப்பர்பிளாஸ்டிக் என்றால் சுற்றுப்புறத்தின் நிறமே இருக்கும், அல்லது கொஞ்சம் வெளிறியிருக்கும். ஒரே அளவில் புள்ளி புள்ளியாகத் தெரியும். நிறம், நாளம், மேற்பரப்பு. நைஸ் வகைப்பாடு என்று நீங்கள் படிப்பது இந்த மூன்றைத்தான்.

இதைக் கற்றுக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகும்? 2010-ல் இண்டியானா பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் ஆய்வு வந்தது. அதன் தலைப்பே இருபது நிமிடத்தில் கற்கலாம் என்றது. திரையில் காட்டிய படங்களை, ஒரு குறும்பயிற்சிக்குப் பிறகு, அனுபவம் இல்லாதவர்கள்கூட நன்றாகவே அடையாளம் கண்டார்கள். அடுத்த ஆண்டே அமெரிக்க எண்டோஸ்கோபி சங்கம் ஒரு வரம்பு வைத்தது. 5 மில்லிமீட்டரும் அதற்குக் குறைவுமான பாலிப்பை எடுத்துவிட்டு பேத்தாலஜிக்கு அனுப்பாமல் விடலாம். ஆனால் அடுத்த கொலனோஸ்கோபி எப்போது என்று நீங்கள் குறிக்கும் காலம், பேத்தாலஜியை வைத்துக் குறிக்கும் காலத்தோடு 90 சதவீதமாவது ஒத்துப்போக வேண்டும்.

கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? 2013-ல் கலிபோர்னியாவில் வழக்கமான மருத்துவமனைகளில் வேலை செய்யும் குடல் மருத்துவர்களுக்குக் கணினி வழியாகப் பயிற்சி கொடுத்தார்கள். தேர்வில் கிட்டத்தட்ட எல்லோரும் 90 சதவீதத்தைத் தொட்டார்கள். அதே மருத்துவர்கள் நிஜ நோயாளிகளிடம் பார்த்தபோது 90-ஐத் தொட்டவர்கள் கால்வாசிப் பேர்தான். 2017-ல் வெளிவந்த இங்கிலாந்து ஆய்வு ஆறு பொது மருத்துவமனைகளில், 1,688 நோயாளிகளிடம் நடந்தது. அங்கும் அன்றாட நடைமுறை எதிர்பார்த்த தரத்தை எட்டவில்லை. சிறப்பு மையங்களில் கைதேர்ந்தவர்கள் செய்தபோது நன்றாக வந்த அதே முறைதான் இது.

நான் பல நாள் யோசித்த கேள்வி இது. தேர்வில் தெரிந்தது, அறையில் ஏன் தெரியாமல் போகிறது?

தேர்வில் வரும் படம் யாரோ தேர்ந்தெடுத்த படம். கழுவிய, அசையாத, நடுவில் நிற்கும் பாலிப். அறையில் குடல் சுருங்கும், சளி மூடும், பேதி மருந்தைச் சரியாகக் குடிக்காதவருக்கு மலம் ஒட்டியிருக்கும். வெளியே இன்னும் ஐந்து நோயாளிகள் காத்திருப்பார்கள். இவை பாதிக் காரணம். மீதிப் பாதி என்று நான் நம்புவது வேறு. தேர்வில் ஒவ்வொரு விடைக்கும் பின்னால் சரி, தவறு என்று உடனே தெரிந்துவிடுகிறது. அறையில் நீங்கள் மனதுக்குள் ‘அடினோமா’ என்று நினைக்கிறீர்கள். ரிப்போர்ட் சில நாள் கழித்து வருகிறது. அதற்குள் என்ன நினைத்தோம் என்பது மறந்துவிடுகிறது. தவறு தவறாகவே பதிவாகாமல் போய்விடுகிறது. ஆயிரம் கொலனோஸ்கோபி செய்தாலும் கண் அதே இடத்தில் நிற்பது இதனால்தான்.

என் கதையைச் சொல்கிறேன். பயிற்சி முடித்த புதிதில், ஒருவருக்கு வலதுபக்கக் குடலில் தட்டையாக, வெளிறிய ஒன்றைப் பார்த்தேன். மேலே மஞ்சளாகச் சளி மூடியிருந்தது. ஹைப்பர்பிளாஸ்டிக் என்று உறுதியாக நம்பினேன். நல்லவேளை, முழுதாக எடுத்து அனுப்பினேன். செசைல் செரேட்டட் என்று ரிப்போர்ட் வந்தது. திரும்பப் படத்தை எடுத்துப் பார்த்தால் எல்லா அடையாளமும் அங்கே இருந்தது: சளிப் போர்வை, தெளிவில்லாத ஓரம், மேகம் போன்ற மேற்பரப்பு, குழிகளுக்குள் கரும்புள்ளி. எல்லாவற்றையும் பார்த்திருக்கிறேன், ஒன்றையும் கவனிக்கவில்லை. அந்தப் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

அன்று ஒரு நோட்டு வாங்கினேன். பாலிப் எடுக்கும் முன்பே அளவு, இடம், என் கணிப்பு, உறுதியாகச் சொல்கிறேனா இல்லையா என்று செவிலியரிடம் வாய்விட்டுச் சொல்வேன், அவர் எழுதுவார். ரிப்போர்ட் வந்ததும் பக்கத்தில் எழுதுவோம். மாதம் ஒருமுறை தவறியவற்றின் படங்களை மட்டும் போட்டுப் பார்ப்போம். வலது குடலில்தான் நான் அதிகம் தவறுகிறேன் என்று அந்த நோட்டுதான் எனக்குச் சொன்னது.

இதெல்லாம் பேத்தாலஜி செலவை மிச்சம் பிடிக்க என்று நினைத்துவிடாதீர்கள். முன்பு சொன்ன நைஸ் வகைப்பாட்டில் மூன்றாம் வகை என்று ஒன்று இருக்கிறது. கரும்பழுப்பு நிறம், அறுந்தோ காணாமலோ போன நாளங்கள், வடிவமே இழந்த மேற்பரப்பு. புற்றுநோய் ஆழமாக இறங்கிவிட்டது என்பதன் அடையாளம் அது. அங்கே ஸ்னேரை, அதாவது பாலிப்பை அறுத்தெடுக்கும் கம்பி வளையத்தை, எடுக்கக் கூடாது, அறுவை மருத்துவரை அழைக்க வேண்டும். மறுபக்கம், உள்ளிருந்தே முழுதாக எடுக்கக்கூடிய பெரிய தட்டைப் பாலிப்பில் அவசரப்பட்டு நாலைந்து இடத்தில் பயாப்ஸிக்குத் துணுக்கு எடுத்தால், அடியில் தழும்பு பிடித்து, பிறகு எடுப்பவருக்குச் சிரமமாகிவிடும். அந்த நிமிடத்தில் ரிப்போர்ட் கையில் இருக்காது. உங்கள் கண்தான் இருக்கும்.

செயற்கை நுண்ணறிவு பார்த்துக்கொள்ளுமே என்று சிலர் கேட்கிறீர்கள். 2022-ல் வந்த ஓர் ஆய்வில், கணினி துணையோடு பார்த்த மருத்துவர்கள் உறுதியாகச் சொன்ன முடிவுகள் கூடின. ஆனால் அடினோமாவைப் பிடிக்கும் திறன் குறிப்பிடும்படி உயரவில்லை. கருவி வரட்டும், நான் வரவேற்கிறேன். அது சொல்வது சரியா என்று பார்க்கத் தெரிந்த கண்ணும் வேண்டும்.

பொதுமக்களுக்கு ஒரு வார்த்தை. பாலிப் எடுத்தோம் என்று சொன்னால், என்ன வகை, அடுத்து எப்போது வர வேண்டும் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சரி, விளக்கை அணைக்கச் சொல்லலாம். உங்கள் கையில் இருக்கும் தாளில் இரண்டு கட்டங்கள் இருக்கின்றன. இடது கட்டத்தில் மட்டும் எழுதுங்கள், பக்கத்தில் இருப்பவரைக் கேட்க வேண்டாம். முதல் படம், ஏறுகுடல், 8 மில்லிமீட்டர். இன்னும் கழுவவில்லை.