கல் மண்டபம் தாளத்தைக் கெடுப்பதில்லை

நடுவர் அவர்களே, காரைக்குடிப் பெருமக்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஆச்சிமார்களே, வணக்கம்.

கூட்டுப்பாடலுக்கு அமைக்கும் நவீன நடனத்துக்கு ஏற்ற இடம் அரங்கமா, ஆலயமா? ஆலயமே என்பது எங்கள் அணி. எதிரணித் தலைவர் மூன்று குறை சொன்னார். எதிரொலி தாளத்தைக் கெடுக்கும், கருங்கல் தரை காலைக் கெடுக்கும், இது நம் மரபே இல்லை.

கடைசியை முதலில் எடுக்கிறேன். அம்மன் கோயில் வாசலில் முளைப்பாரியை நடுவில் இறக்கி வைத்துச் சுற்றிவந்து கும்மி கொட்டுகிறார்களே, அது என்ன? ஒருத்தி அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாடுகிறார்கள். பாடுகிற வாயும் ஆடுகிற காலும் ஒரே உடம்பில்! வெளிநாட்டிலும் பாருங்கள். இசைமேதை பாஹ் இசையமைத்த, ஏசுவின் துன்பங்களைச் சொல்லும் ‘மத்தேயு பாடுகள்’ என்ற கூட்டுப்பாடலுக்கு நடன அமைப்பாளர் ஜான் நியூமையர் அமைத்த நடனத்தின் பகுதிகள் 1980-ல் முதலில் ஆடப்பட்டது ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரப் புனித மிக்கேல் தேவாலயத்தில். முழு நடனமாக ஓபரா அரங்கத்துக்குப் போனது 1981-ல்தான்.

இனி எதிரொலி. பெரிய கல் மண்டபத்தில் ஒரு கைத்தட்டு அடங்கச் சில விநாடிகள் ஆகும். அங்கே துரித காலத்தில், அதாவது வேகமாக, பாடினால் சொல்மேல் சொல் ஏறித் தேவாரமே இரைச்சலாகிவிடும். அது பாட்டைத் தேர்ந்தவர் பிழை, மண்டபத்தின் பிழை அல்ல. விளம்ப காலத்தில், அதாவது மெதுவாக, சுரத்தை நீட்டிப் பிடிக்கும் கார்வையோடு பாடட்டும். பத்துப் பேர் பாடுவது பெருங்கூட்டம் பாடுவதுபோல் நிறையும். ஆடுபவர் அசைவும் தாள எண்ணிக்கையைப் பிடிக்காமல் பாடகர் மூச்செடுக்கும் இடத்தைப் பிடிக்க வேண்டும்.

ஆடுபவர் கால் தாளம் தப்புவதற்கு வேறொரு காரணம் உண்டு. ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். பாடகர்களை 30 மீட்டர் தள்ளி நிறுத்தினால், பாட்டு ஆடுபவர் காதுக்கு வர ஏறத்தாழ பத்தில் ஒரு விநாடி பிந்தும். 10 மீட்டருக்குள் கொண்டுவாருங்கள். முடிந்தால் கும்மியைப்போல வட்டத்துக்குள்ளேயே நிறுத்துங்கள். வெறும் மண்டபத்தில் ஒத்திகை பார்த்து வேகத்தை முடிவு செய்யாதீர்கள். கூட்டம் உட்கார்ந்ததும் உடம்பும் துணியும் ஒலியை உறிஞ்சும், எதிரொலி குறையும்.

தரையைப் பற்றி எதிரணி சொன்னது உண்மை, ஒப்புக்கொள்கிறேன். கல் வளைந்து கொடுக்காது. குதித்து இறங்கினால் அடி முழுவதும் முழங்காலுக்கும் முன்காலெலும்புக்கும் போகும். அதற்கு எட்டுக்கு நாலடிப் பிளைவுட் பலகைகளை இரண்டு அடுக்காக, இணைப்புகள் ஒன்றன்மேல் ஒன்று வராமல் போட்டு, அடியில் ரப்பர் துண்டுகள் வைத்து, மேலே வினைல் விரிப்பை விரிக்கலாம். கல்லில் ஆணி அடிக்கவே கூடாது. விளக்குகளின் எண்ணெய் ஊறிய கல்லில் டேப்பும் நிற்காது. பலகையோடு பலகையைத்தான் பிணைக்க வேண்டும்.

நேரம், சாயரட்சை என்னும் மாலைப் பூசை முடிந்து, அர்த்தசாமம் என்னும் இரவுப் பூசைக்கு முன். சந்நிதியை மறைக்காமல், மூலவருக்கு முதுகு காட்டாமல் ஆட வேண்டுமென்றால் பார்ப்பவர்களை இரு பக்கமும் உட்கார வைத்தாக வேண்டும். அப்போது நடனமும் இரண்டு பக்கத்துக்கும் முகம் கொடுக்கும். முன்பக்கம் மட்டும் பார்க்கும் மேடையில் இப்படியோர் ஆட்டத்தை அமைக்கும் தேவையே எழாது, நடுவர் அவர்களே. மணி அடித்துவிட்டது, அமர்கிறேன்.