அலகிட்டு, மெழுக்கிட்டு, பிறகு பாடி

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

அன்றாட வாழ்க்கையில் மகிழ்ச்சியையும் ஆன்மிக வளர்ச்சியையும் எப்படி வளர்த்துக்கொள்வது என்று பேசும்படி நிலையத்தார் கேட்டிருந்தார்கள். எனக்கு நன்றாகப் பழகிய வழி ஒன்றுதான். கோயிலைக் கூட்டுவது, கழுவுவது, பிராகாரத்தில் புல் செதுக்குவது, விளக்குத் துலக்குவது. உழவாரப்பணி என்கிறோமே, அது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டும், சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டும், வாளியும் துடைப்பமுமாகச் சிலர் கோயிலுக்குள் போவதைப் பார்த்திருப்பீர்கள். அப்படிப் போகிறவர்களில் நானும் ஒருவன்.

இந்தப் பணியைப் பேச வந்தால் அப்பர் பெருமானிடம்தான் போய் நிற்க வேண்டும். எந்தச் சிவன் கோயிலிலும் நால்வர் சிலைகளில் அவரை உடனே அடையாளம் கண்டுவிடலாம். தோளில் உழவாரம் சாய்ந்திருக்கும். நீண்ட கைப்பிடி, நுனியில் தட்டையான இரும்பு. புல்லையும் நெருஞ்சியையும் வேரோடு செதுக்கி எடுக்கிற கருவி. 7ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர் அவர். கிடைத்திருக்கும் பாடல்கள் மட்டுமே 3,000க்கு மேல். அவ்வளவு பாடியவரின் தோளில் நம் சிற்பிகள் செதுக்குக் கருவியைத்தான் வைத்தார்கள். அதுதான் அவருக்குப் பொருத்தம் என்று நினைத்திருக்கிறார்கள்.

அப்பருக்கும் முன்னால் துடைப்பத்தை எடுத்தவர் ஒருவர் உண்டு. அவருடைய அக்கா திலகவதியார். அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லப் போகிறேன். ஏனென்றால் மகிழ்ச்சி என்று நாம் பேசுகிறபோதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம்தான் வரும்.

இன்றைய பண்ருட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது திருவாமூர். அங்கே புகழனாருக்கும் மாதினியாருக்கும் பிறந்த பெண் திலகவதியார். கலிப்பகையார் என்ற படைத்தலைவருக்கு அவரைப் பேசி முடித்திருந்தார்கள். கல்யாணத்துக்கு முன்பே அவர் போருக்குப் போக வேண்டி வந்தது. அந்த நேரத்தில் அப்பா இறந்தார். அம்மாவும் அவரோடு போனார். அப்புறம் போர்க்களத்திலிருந்து கலிப்பகையார் இறந்த செய்தி வந்தது. தானும் உயிரை விட்டுவிடுவது என்று துணிந்த அந்தப் பெண், தம்பிக்கு யாருமில்லாமல் போய்விடுமே என்று உயிரை வைத்துக்கொண்டார். அந்தத் தம்பியும் வளர்ந்து, சமண சமயத்தில் சேர்ந்து, அக்காவை விட்டுப் போய்விட்டார். இவ்வளவும் பெரியபுராணம் சொல்வது.

இதற்குப் பிறகு ஒரு மனுஷி என்ன செய்வாள்? திலகவதியார் திருவதிகை வீரட்டானத்துக்குப் போனார். பொழுது விடியும் முன்பே எழுந்து கோயிலைக் கூட்டினார். சாணத்தால் மெழுகினார். பூப்பறித்து வந்து மாலை கட்டினார். அந்தச் சாணம் எப்படிப்பட்டது என்பதைக்கூடப் பெரியபுராணம் பாடிய சேக்கிழார் விடவில்லை. கன்று ஈன்ற புதிதில் இருக்கும் பசுவின் சாணம் ஆகாதென்று பார்த்து, அந்தத் தீட்டு நீங்கிய நல்ல பசுவின் சாணத்தை எடுத்தாராம். துக்கத்தில் இருக்கிற ஒருவர் இந்த அளவுக்குக் கவனமாக ஒரு வேலையைச் செய்கிறார் என்றால், அந்தக் கவனமே அவரைத் தாங்கிப் பிடித்திருக்கிறது என்றுதான் நான் நம்புகிறேன்.

நாம் என்ன சொல்கிறோம்? மனசு சரியாகட்டும், பிரச்சினை தீரட்டும், பிள்ளைக்கு வேலை கிடைக்கட்டும், அப்புறம் கோயிலுக்குப் போகலாம், அப்புறம் நிம்மதியாக நாலு பாட்டுப் பாடலாம் என்கிறோம். அந்த அப்புறம் வருவதே இல்லை. மனசு சரியாகும் வரைக்கும் திலகவதியார் காத்திருக்கவில்லை. கையை முதலில் வேலைக்குக் கொடுத்தார்.

பிறகு தம்பி சூலை நோயோடு திரும்பி வருகிறார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அக்காவின் காலில் விழுகிறார். அக்கா திருநீறு கொடுக்கிறார். விடியும் முன்பே கோயிலுக்கு அழைத்துப் போகிறார். அப்போது அக்காவின் கையில் என்னென்ன இருந்தன? துடைப்பம், மெழுகச் சாணம், தண்ணீர்த் தோண்டி. தம்பி வந்துவிட்டாரே என்று அன்றைய வேலையை நிறுத்தவில்லை. அவரையும் அந்த வேலைக்குள் கூட்டிக்கொண்டு போனார். தேவாரத்தில் அப்பர் பாடிய முதல் பதிகம் அங்கே பிறந்தது.

பின்னாளில் திருவாரூரில் அப்பர் தன் நெஞ்சைப் பார்த்து ஒரு பாட்டுப் பாடுகிறார். "நிலைபெறுமாறு எண்ணுதியேல் நெஞ்சே நீ வா" என்று தொடங்குவது. அதில் அவர் வைக்கிற வரிசையைக் கவனியுங்கள். தினமும் கோயிலுக்குள் போ. விடியும் முன்பே அலகிடு, அதாவது கூட்டு. மெழுகு. மாலை கட்டு. அதற்குப் பிறகு புகழ்ந்து பாடு. தலையாரக் கும்பிடு. அப்புறம் கூத்தாடு. ஆனந்தக் கூத்து வருவது கடைசியில். கூட்டுவதும் மெழுகுவதும் முதலில். அக்கா செய்ததையே தம்பி பாட்டாக்கி வைத்திருக்கிறார்.

இந்த வரிசை சரிதான் என்பதை எந்த ஞாயிற்றுக்கிழமையும் பார்க்கலாம். காலையில் வந்து சேரும்போது ஆளுக்கொரு கவலை முகத்தில் இருக்கும். ஒருவருக்கு வாடகை, ஒருவருக்கு முட்டிவலி, ஒருவருக்கு மகளோடு சண்டை. உட்கார்ந்து வேலையைத் தொடங்கினால் பேச்சு மெதுவாகக் குறைந்துவிடும். விளக்கு ஏற்றும் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் வழிந்து, புகை படிந்து, தூசி ஒட்டி, கல்லே தெரியாமல் கறுப்பாக ஒரு தோல் படர்ந்திருக்கும். அதில் தண்ணீரை ஊற்றினால் பிசுக்கு இன்னும் பரவத்தான் செய்யும். அரிசி மாவைத் தூவி ஊறவிட வேண்டும். மாவு எண்ணெயைக் குடித்துக்கொண்டு கட்டிகட்டியாக வரும். அதை மரத்துண்டால் பக்குவமாக வழித்தெடுத்து, மறுபடி மாவு தூவி, அப்புறம்தான் சீயக்காயும் சுடுதண்ணீரும். ஒரு முழம் இடத்துக்கே வெகு நேரம் ஆகும். உள்ளேயிருந்து கல்லின் நிறம் வெளிப்படும்போது பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டுக் காட்டத் தோன்றும். அந்தச் சந்தோஷத்துக்குக் காரணமே தேட வேண்டியதில்லை. அது முடிகிற நேரத்தில் யாராவது ஒருவர் முணுமுணுப்பாகத் தேவாரத்தைத் தொடங்கியிருப்பார். மற்றவர்களும் சேர்ந்துகொள்வார்கள். பாடுங்கள் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

வேலை தெரியாத ஆர்வம் கெடுதல் செய்யும். அதையும் இங்கே சொல்லியாக வேண்டும். சுவரில் எழுத்து இருந்தால் அது கல்வெட்டு. அதைக் கம்பித் தூரிகையால் தேய்க்கக் கூடாது, சுண்ணாம்பும் அடிக்கக் கூடாது. பழைய ஓவியத்தின் மேல் ஈரத்துணிகூடப் படக் கூடாது. மணலைப் பீய்ச்சியடித்துத் தூண்களைச் சுத்தம் செய்த இடங்களில், சிற்பங்களின் விரலும் நகையும் மழுங்கிப் போனதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. விமானத்தில் முளைக்கும் அரசஞ்செடி இன்னொன்று. வெடுக்கென்று பிடுங்கினால் தண்டுதான் கையில் வரும். வேர் கல்லிடுக்கில் தங்கிப் பருத்து, கல்லையே நெட்டித் தள்ளும். சின்னதாக இருக்கும்போதே வேரோடு எடுக்க வேண்டும். பெரிதாகிவிட்டால் ஸ்தபதியும் கோயில் நிர்வாகமும் பார்த்துச் செய்ய வேண்டிய வேலை அது. எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் பணிவும் இந்தப் பணியில் சேர்ந்ததுதான்.

வேலை பழகப் பழக, உள்ளே வேறொன்று முளைக்கும். நான்தான் அதிகம் செய்தேன், அவர் சும்மா நிற்கிறார், என்னை யாரும் ஒரு வார்த்தை பாராட்டவில்லை என்று மனசு கணக்குப் போடத் தொடங்கும். ஆன்மிகம் உண்மையில் தொடங்குகிற இடம் இதுதான் என்பேன். திருப்புகலூரில் நடந்ததாகப் பெரியபுராணம் சொல்வதை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். அப்பர் வயது முதிர்ந்த காலத்தில் அந்தக் கோயில் முற்றத்தில் செதுக்கிக்கொண்டிருக்கிறார். உழவாரம் பட்ட இடத்திலெல்லாம் பொன்னும் நவமணியும் மின்னுகின்றன. அவரோ பருக்கைக் கல்லோடு கல்லாக அவற்றையும் உழவாரத்தில் ஏந்தித் தாமரைக் குளத்துக்குள் எறிந்துவிட்டு, மேலே செதுக்கிக்கொண்டு போகிறார். காலில் குத்தும் கல்லை அப்புறப்படுத்துவது அவர் வேலை. பொன்னும் கிடந்தது, அதையும் அப்புறப்படுத்தினார், அவ்வளவுதான்.

நமக்கு உழவார நுனியில் பொன் வருவதில்லை. பாராட்டு வருகிறது. வாட்ஸ்அப்பில் போடப் படம் எடுக்கலாமா என்று யாராவது கேட்கிறார்கள். துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி நிற்கிறோம். பிறரைப் பணிக்கு அழைக்க ஒரு படம் போட்டால் தவறில்லை. ஆனால் படத்தில் நாம் இல்லையே என்று மனசு வாடினால், அதையும் பருக்கைக் கல்லோடு சேர்த்துக் குளத்தில் போட்டுவிட வேண்டும். கையிலே இருக்கிற வேலைக்குத் திரும்பிவிட்டால் அந்த வாட்டம் தங்குவதில்லை. பல முறை பார்த்துச் சொல்கிறேன்.

"இன்பமே எந்நாளும் துன்பமில்லை" என்று அப்பர் பாடியது எப்போது தெரியுமா? சமணத்தை விட்டு வந்தார் என்று பல்லவ மன்னனின் ஆட்கள் அவரை அழைத்துப் போக வந்து நின்றபோது. அடுத்து என்ன நடக்கும் என்பது தெரியாத நேரம். பின்னால் சுண்ணாம்புக் காளவாயில் அடைத்ததும், கல்லில் கட்டிக் கடலில் போட்டதும் நாம் கேட்ட கதைதான். அப்படிப்பட்ட நேரத்தில் இப்படி ஒரு வரி வாயில் வருகிறதென்றால், அந்த மகிழ்ச்சி வெளியே நடப்பதைச் சார்ந்ததாக இருக்க முடியாது.

சரி, எனக்கு வயதாகிவிட்டது, குனிய முடியாது, கண் தெரியவில்லை என்று சிலர் கேட்கலாம். திருவாரூரில் வாழ்ந்த தண்டியடிகள் என்ற நாயனார் பிறவியிலேயே பார்வை இல்லாதவர். கமலாலயக் குளம் தூர்ந்து சுருங்கி வருகிறதே என்று அதைத் தோண்ட முடிவு செய்தார். குளத்துக்குள் ஒரு தறி, கரையில் ஒரு தறி நட்டு, இரண்டுக்கும் நடுவில் கயிறு கட்டினார். அந்தக் கயிற்றைத் தடவிக்கொண்டே இறங்கி மண்ணை எடுத்து, தடவிக்கொண்டே ஏறிக் கரையில் கொட்டினார். உங்களுக்கும் ஏற்ற வேலை உண்டு. உட்கார்ந்தபடி திரி திரிக்கலாம், பூத்தொடுக்கலாம், பித்தளை விளக்கைப் புளி போட்டுத் தேய்க்கலாம், சுவாமி வஸ்திரங்களைத் துவைத்துக் காயப்போட்டு மடித்து வைக்கலாம். கோயிலுக்குப் போக வழியில்லாதவர்களுக்கு வீட்டு வாசல் இருக்கிறது. விடியும் முன்பு பெருக்கித் தண்ணீர் தெளித்துக் கோலம் போடும் பெண்கள் திலகவதியாரின் வரிசையில் இருப்பவர்கள்தான். ஆண்களும் அந்தத் துடைப்பத்தை வாங்கிக்கொள்ளலாம்.

வேறு நம்பிக்கை உடையவர்களுக்கும் இதே வழி திறந்திருக்கிறது. அமிர்தசரஸ் பொற்கோயிலில், வருகிறவர்களின் செருப்பை வாங்கி வைத்துத் திருப்பிக் கொடுப்பதைச் சீக்கியர்கள் சேவையாகச் செய்கிறார்கள். உங்கள் தேவாலயத்திலும் பள்ளிவாசலிலும் கூட்டித் துடைக்க இடம் இருக்கும். கடவுள் நம்பிக்கை இல்லாதவருக்கு ஊர் ஏரிக்கரை இருக்கிறது, அரசுப் பள்ளி வளாகம் இருக்கிறது.

விருப்பமுள்ளவர்கள் வரும் வாரத்தில் உங்கள் ஊர்க் கோயில் அலுவலகத்தில் போய், உழவாரப்பணி செய்ய வருகிறோம் என்று அனுமதி கேளுங்கள். பெரிய கோயிலாகப் பார்த்துப் போக வேண்டாம். ஒருகால பூஜை நடக்கிற, ஆள் வராத கோயில்கள் எத்தனையோ இருக்கின்றன. அங்கேதான் கை அதிகம் தேவை. பழைய துணி, வாளி, தென்னந்துடைப்பம், குடிக்கத் தண்ணீர் கொண்டு போங்கள். நெருஞ்சி இருக்கும், கைக்கு உறை போட்டுக்கொள்ளுங்கள். கைப்பேசியைப் பையிலேயே வைத்துவிடுங்கள். பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். அவர்களுக்கு ஏற்ற வேலையாக, வாடிய பூவையும் அணைந்த அகலையும் பொறுக்கச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் கொண்டுபோன புளியோதரையோ தயிர்ச்சாதமோ, மண்டபத்துக்கு வெளியே நிழலில் எல்லோருமாக உட்கார்ந்து சாப்பிடுங்கள். சாப்பிட்ட இடத்தையும் கூட்டிவிட்டுக் கிளம்புங்கள்.

வாய்ப்பளித்த நிலையத்தாருக்கும் இவ்வளவு நேரம் கேட்ட உங்களுக்கும் நன்றி. வணக்கம்.