புதுத் தார்: திரை விலகுவதற்கு முன் என் பந்தயம்

வணக்கம் மக்களே. ஃபேன் சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள், அதை நிறுத்தினால் வேர்வையைத் துடைத்துக்கொண்டேதான் பேச வேண்டியிருக்கும். 2020 ஆகஸ்ட் 15 அன்று புதுத் தாரை, அதாவது தங்கள் ஜீப் மாதிரி வண்டியின் புது வடிவத்தைக் காட்டப்போகிறோம் என்று மஹிந்திரா சொன்னதிலிருந்து என் போன் ஓயவில்லை. எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: பழைய தார் ஒன்று கைக்கு வருகிறது, வாங்கிப் போடலாமா, இல்லை புதுசுக்குக் காத்திருக்கலாமா? கொரோனா ஊரடங்கில் வண்டியை எடுத்துக்கொண்டு எங்கேயும் போக வழியில்லை, அதனால் உட்கார்ந்த இடத்திலேயே ஆளாளுக்கு ஒரு தார் செய்துகொண்டிருக்கிறோம். நானும் என் தாரைச் சொல்லிவிடுகிறேன், 15ஆம் தேதிக்குப் பிறகு வந்து திட்டுபவர்கள் திட்டலாம்.

முதலில் நான் கண்ணால் பார்த்தது. பிப்ரவரியில், ஊரடங்குக்கு முன்னால், ஜிஎஸ்டி ரோட்டில் சிங்கப்பெருமாள் கோவில் சிக்னலில் நிற்கிறேன். பைக்கில். எனக்கு முன்னால் கறுப்பும் வெள்ளையுமாகச் சுருள் சுருளாக ஒரு துணியைப் போர்த்திக்கொண்டு ஒரு வண்டி. அந்தப் பக்கம் இது அதிசயம் இல்லை, மஹிந்திராவின் ஆராய்ச்சி மையம் அங்கே பக்கத்தில் மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில்தான் இருக்கிறது. ஆனால் பின்கதவில் ஸ்டெப்னி தொங்குகிறது, மட்கார்டு வெளியே பிதுங்கி நிற்கிறது, போர்வை போட்டாலும் யானை யானைதானே. காரில் இருப்பவனுக்குத் தெரியாதது பைக்கில் இருப்பவனுக்குத் தெரியும், கொஞ்சம் குனிந்தால் போதும். குனிந்தேன். பின்பக்கம் இரண்டு சக்கரத்துக்கும் நடுவே குறுக்காக ஒரே அச்சு, நடுவில் டிஃபரன்ஷியலின், அதாவது இன்ஜின் விசையை இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரத் தொகுதியின், அந்த உருண்டைக் கூடு, அது பழையபடியே இருக்கிறது. ஆனால் அதன் மேல் பழைய தாரில் இருந்த, இரும்புப் பட்டைகளை அடுக்கிய பட்டை ஸ்பிரிங் இல்லை. காயில் ஸ்பிரிங், கறுப்பாக, புதுசாக. பக்கத்தில் ஆட்டோக்காரர் "என்ன தம்பி, காசு விழுந்துடுச்சா"ன்னு கேட்கிறார். நிமிரும்போது பின்கண்ணாடி வழியாக இன்னொன்றும் தெரிந்தது: பின்சீட்டில் தலை சாய்க்கும் திண்டு இரண்டு, இரண்டும் முன்னால் பார்த்தபடி. சிக்னல் விழுந்துவிட்டது. போட்டோ எடுக்கவில்லை, கேட்காதீர்கள்.

அந்த இரண்டு திண்டுகளைப் பார்த்ததும் எனக்கு வால்பாறைதான் நினைவுக்கு வந்தது. சின்ன வயதில் மாமா ஒரு பழைய ஜீப் வைத்திருந்தார், எத்தனை கை மாறி வந்ததோ. பின்னால் எதிரும் புதிருமாக இரண்டு பெஞ்சு. ஆழியாறிலிருந்து மேலே 40 கொண்டை ஊசி வளைவு, நாங்கள் ஆறு பேர் பக்கவாட்டில் உட்கார்ந்து, ஒவ்வொரு வளைவுக்கும் ஒருவர் மடியில் ஒருவர் விழுந்து, பத்தாவது வளைவைத் தாண்டும்போது என் தங்கை பிளாஸ்டிக் கவரைக் கேட்டுவிட்டாள். ரெக்சினில் தைத்த கூரை, யாரோ வெளியில் தைத்துக்கொடுத்தது, மழை வந்தால் தையல் வழியாகச் சரியாக மாமாவின் கழுத்தில்தான் சொட்டும். அதை இன்று கதையாகச் சொல்லும்போது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் என் அம்மா அதற்குப் பிறகு அந்த ஜீப்பில் ஏறவே இல்லை, அதையும் சொல்ல வேண்டும். தார் வாங்க நினைத்த எத்தனை பேர் வீட்டில் இதே காரணத்தால் பேச்சு நின்றுபோயிருக்கும்!

ஆகவே என் முதல் பந்தயம்: முன்னோக்கிய பின்சீட்டும், கம்பெனியே போட்டுத் தரும் ஹார்டு டாப்பும் வரும். ஹார்டு டாப் ஏன் முக்கியம் என்றால், இதுவரை தாருக்குக் கம்பெனி கொடுத்தது துணிக்கூரை, தகரக்கூரை வேண்டும் என்றால் வெளியில்தான் செய்துகொள்ள வேண்டும். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தயாரித்தவர் கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்று சொன்ன பிறகு ஆர்டிஓவில் அதுவும் தலைவலி. கம்பெனியே கொடுத்தால் ஆர்சியில் உள்ளது உள்ளபடி இருக்கும், நிம்மதி.

"அப்படியானால் இது ஜீப்பா, காரா" என்று உடனே ஒரு கூட்டம் கிளம்பும். கிளம்பட்டும். பழைய தார் மாறாமல் இருக்க முடியாது என்பது அவர்களுக்கும் தெரியும். 2010இல் அது வந்தபோதே அடிப்படை மஹிந்திராவின் எம்எம்540 என்ற பழைய மாடல் காலத்து ஜீப்புதான், அமெரிக்க வில்லிஸ் கம்பெனியின் ஜீப்பை இங்கே பாகம் பாகமாகப் பூட்டிக்கொண்டிருந்த காலத்து உருவம்தான். ஏர்பேக் கிடையாது. 2019 ஏப்ரலில் எல்லாக் கார்களுக்கும் ஏபிஎஸ், பிரேக் போடும்போது சக்கரம் இறுகி வழுக்காமல் காக்கும் அமைப்பு, கட்டாயமானது, அதே ஆண்டு மோதல் சோதனை விதிகளும் பழைய மாடல்கள் வரைக்கும் வந்து கதவைத் தட்டின, 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்6 புகை விதி. இத்தனையையும் அந்த உடம்பில் ஏற்ற முடியாது. அதனால்தான் போன வருடமே தார் 700 என்று 700 வண்டி மட்டும், ஆனந்த் மஹிந்திராவின் கையெழுத்து போட்ட பட்டயத்தோடு, 9.99 லட்சத்துக்கு விட்டு வழியனுப்பிவிட்டார்கள்.

இப்போது நான் பார்த்த அந்தக் காயில் ஸ்பிரிங்குக்கு வருகிறேன். பட்டை ஸ்பிரிங் ஒரே ஆளாக இரண்டு வேலை பார்க்கும். எடையையும் தாங்கும், அச்சு முன்னே பின்னே ஓடாமல் பிடித்தும் வைக்கும். மலிவு, எந்த ஊர் பட்டறையிலும் ஒரு பட்டையை மாற்றிவிடலாம். ஆனால் பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதால் சின்னக் குண்டு குழிக்கு அது அசையவே அசையாது, முதுகுதான் அசையும். காயில் வந்தால் அச்சைப் பிடிக்கத் தனியாகக் கம்பிகள் வேண்டும், செலவு கூடும், ஆனால் ஒரு சக்கரம் பாறை மேல் ஏறும்போது மறுசக்கரம் இறங்கித் தரையைத் தொட்டுக்கொண்டே இருக்கும். ஆஃப்ரோடில் சக்கரம் தரையில் இருப்பதுதான் பாதி வேலை. ஆக, இந்த மாற்றத்தை "சொகுசுக்காகச் செய்தார்கள்" என்று ஒதுக்காதீர்கள், கரடுமுரடுக்கும் இதுதான் நல்லது.

மீதிப் பாதி வேலை எங்கே இருக்கிறது? அங்கேதான் எனக்குப் பயம். சாதாரண வண்டி ஒன்று ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்க மாட்டிக்கொண்டால் என்ன ஆகும்? டிஃபரன்ஷியல் எப்போதும் சுலபமான பக்கம்தான் போகும், தொங்கும் சக்கரம் காற்றில் சுற்றும், தரையில் இருக்கும் சக்கரம் சும்மா நிற்கும். பழைய தாருக்கு 2015இல் பின்னச்சில் ஈட்டன் கம்பெனியின் மெக்கானிக்கல் லாக்கர் கொடுத்தார்கள், இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகப் பூட்டிச் சேர்ந்து சுற்ற வைக்கும் சாதனம். பொத்தான் இல்லை, ஒன்றும் இல்லை. இரண்டு சக்கரத்துக்கும் நடுவே நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்று வித்தியாசம் வந்தால் உள்ளே இருக்கும் சின்ன எடைக்கற்கள் விசிறி விரிந்து கொக்கி மாட்டும். வெளியே நிற்பவருக்குக் கேட்கும்: சக்கரம் விர்ரென்று சுற்றும், அப்புறம் ஒரே ஒரு "டக்". அடுத்த நொடி வண்டி எழுந்து வரும். அந்த "டக்"கை ஒருமுறை கேட்டவர்கள் அதற்காகவே தார் வாங்கியிருக்கிறார்கள், எனக்கே இரண்டு பேரைத் தெரியும்.

இப்போது ஏபிஎஸ் கட்டாயம், அதோடு வண்டி வழுக்காமல் ஒவ்வொரு சக்கரத்துக்கும் தானே பிரேக் போடும் ஈஎஸ்பியும் வந்துவிட்டால், கம்பெனியில் செலவுக் கணக்குப் போடுபவர் என்ன சொல்வார்? "சுற்றுகிற சக்கரத்தைப் பிரேக்கை வைத்தே பிடித்துக்கொள்ளலாம், விசை மறுபக்கம் போய்விடும், லாக்கர் எதற்கு?" உண்மைதான், வேலை செய்யும். ஈர மண்ணில், சின்னப் பள்ளத்தில், நன்றாகவே செய்யும். ஆனால் மணலில் அரைமணி நேரம் போராடும்போது பிரேக் சூடேறும், இன்ஜினுடைய சக்தியில் ஒரு பங்கைப் பிரேக்கே தின்றுகொண்டிருக்கும். லாக்கர் அப்படித் தின்னாது. பிரேக் வித்தை கூடுதலாக வரட்டும், லாக்கருக்குப் பதிலாக வந்தால்தான் எனக்கு வயிற்றெரிச்சல். இந்த ஆண்டு ஆட்டோ எக்ஸ்போ கண்காட்சியில் தாரின் போட்டியான ஃபோர்ஸ் கம்பெனியின் புது கூர்க்காவைக் காட்டினார்கள், கூர்க்காக்காரர்கள் முன்னும் பின்னும் லாக்கர் கொடுத்துப் பழகியவர்கள். அதே எக்ஸ்போவில் மாருதி, ஜிம்னி என்ற குட்டி ஆஃப்ரோடு வண்டியையும் கொண்டுவந்து நிறுத்தியது. இரண்டுக்கும் நடுவே நின்றுகொண்டு தார் லாக்கரைக் கைவிட்டால் அது தற்கொலை. கைவிட மாட்டார்கள் என்பது என் இரண்டாவது பந்தயம், ஆனால் எல்லா வேரியண்ட்டிலும் கொடுப்பார்களா என்றால் அங்கே நான் பணம் கட்ட மாட்டேன்.

இன்ஜின் பற்றிச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன், இதில் ஊகிக்கப் பெரிதாக ஒன்றுமில்லை. பழைய தாரில் சிஆர்டிஇ என்ற 2.5 லிட்டர் டீசல், 105 குதிரை, 247 நியூட்டன் மீட்டர். இனி மஹிந்திராவின் 2.2 லிட்டர் எம்ஹாக் டீசல் வரும் என்பது கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியது. பெட்ரோல்தான் புதுசு: எக்ஸ்போவில் வைத்திருந்த எம்ஸ்டாலியன் 2 லிட்டர் டர்போ, 190 குதிரை, 380 நியூட்டன் மீட்டர் என்று எழுதியிருந்தார்கள். அத்தனை குதிரையையும் இந்தக் குட்டை வண்டியில் அவிழ்த்துவிட மாட்டார்கள், லாயத்தில் கொஞ்சத்தைக் கட்டி வைப்பார்கள். ஆட்டோமேட்டிக் வேண்டும் என்று கேட்பவர்களைக் கிண்டல் செய்யாதீர்கள். பாறை ஏறும்போது கிளட்சைக் கருக்காமல் ஏற அதுதான் வசதி.

முகம்? இதில்தான் உண்மையிலேயே சுவாரசியம். அமெரிக்காவில் மஹிந்திரா விற்கிற ரோக்ஸர், நம் தாரின் ஒன்றுவிட்ட தம்பி. ஜீப் உரிமையாளரான ஃபியட் கிரைஸ்லர் 2018இல் புகார் கொடுத்து, இந்த ஜூனில் அங்குள்ள சர்வதேச வர்த்தக ஆணையம் ரோக்ஸரின் உருவம் ஜீப்பின் உருவ உரிமையை மீறுகிறது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. 1940களில் வில்லிஸிடம் முறையாக உரிமம் வாங்கிப் பூட்ட ஆரம்பித்தவர்களுக்கு இன்று "இது உன் முகம் இல்லை" என்கிறார்கள், கேட்கும்போது கொஞ்சம் கசக்கத்தான் செய்கிறது. புதுத் தாரை நாளைக்கு வெளிநாட்டுக்குக் கொண்டுபோக நினைத்தால் முன்முகத்தில் ஜீப்பின் அடையாளமான ஏழு செங்குத்துத் திறப்பை வைக்கத் துணிவார்களா? எனக்குச் சந்தேகம். உருண்டை விளக்கு இருக்கும், கிரில்லில் ஏதோ ஒட்டு வேலை இருக்கும், அது முதல் நாளே நமக்குப் பிடிக்காது. கிரில் பிடிக்காவிட்டால் பரவாயில்லை, கடையில் வேறு கிரில் கிடைக்கும். லாக்கர் அப்படிக் கிடைக்காது.

போன செப்டம்பரில் லேண்ட் ரோவரின் புது டிஃபெண்டர் வந்தபோது இதே கூச்சல். அடியில் ஏணி மாதிரி இருக்கும் லேடர் சேஸியையே தூக்கிப் போட்டுவிட்டு, உடம்பும் சட்டமும் ஒன்றேயான அலுமினிய மோனோகாக் போட்டார்கள், பழைய ரசிகர்கள் துக்கம் அனுசரித்தார்கள். 2018 ஜிம்னி நேர் எதிர்: லேடர் சேஸி, முன்னும் பின்னும் இரண்டு சக்கரத்தையும் சேர்க்கும் திட அச்சு, எல்லாம் அப்படியே, உடுப்பு மட்டும் புதுசு. போன மாதம் ஃபோர்டு பிராங்கோ நடுவழியில் போனது, முன்னால் தனித்தனியாக அசையும் சக்கரம், பின்னால் திட அச்சு. நான் பைக்கிலிருந்து குனிந்து பார்த்த கணக்குப்படி தாரும் அந்த நடுவழிதான். எனக்கு அதில் வருத்தம் இல்லை. நாலு சக்கரமும் குறைந்த கியரில் இழுக்கும் ஃபோர் லோவைக் கடைசிவரை தொடாமலேயே வைத்திருக்கப்போகிற ஆயிரம் பேர், டச் ஸ்கிரீனுக்காகவும் ஏசிக்காகவும் வாங்கினால்தான், சேற்றில் இறங்குகிற நூறு பேருக்கு இந்த வண்டி தொடர்ந்து கிடைக்கும். அவர்களை "ஷோ பார்ட்டி" என்று கேலி செய்யும் நண்பர்களே, உங்கள் லாக்கருக்கு இனிமேல் பணம் கட்டப்போவது அவர்கள்தான்.

சரி, வாங்கலாமா காத்திருக்கலாமா? வீட்டில் வேறு கார் இருக்கிறது, இது சேற்றுக்கு மட்டும் என்றால், நல்ல நிலையில் வரும் 2015க்குப் பிந்தைய வண்டியை எடுங்கள், அடியில் துரு பார்த்துவிட்டு. இதுதான் வீட்டுக்கு ஒரே வண்டி என்றால் இன்னும் பத்து நாள் பொறுக்க முடியாதா உங்களால்?

15ஆம் தேதி எல்லோரும் முகத்தைப் பார்ப்பார்கள். நான் முதலில் பார்க்கப்போவது கியர் லிவருக்குப் பக்கத்தில். அங்கே இரண்டாவதாக ஒரு குட்டி லிவர் நிற்க வேண்டும், இரண்டு சக்கர இழுவைக்கு டூ எச், நாலுக்கு ஃபோர் எச், குறைந்த கியரில் நாலுக்கு ஃபோர் எல் என்று கையால் இழுத்துப் போடுகிற லிவர். அந்த இடத்தில் திருகுகிற குமிழ் ஒன்றை வைத்திருந்தார்கள் என்றால், அன்று ராத்திரியே இன்னொரு வீடியோ போடுவேன். அதில் இவ்வளவு பொறுமையாகப் பேச மாட்டேன்.