அவமதிப்பு வழக்கில் பொலிஸ்காரருக்கு மேன்முறையீடு எதற்கு? – களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு கேள்வி

இந்தக் கேள்வி இரண்டு நாளாக என்னை விடவில்லை. களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "ஐயா, நீதிமன்றக் கட்டளையை மதிக்காத பொலிஸ் அதிகாரியை நீதிமன்றமே அவமதிப்புக் குற்றவாளி என்று தீர்த்துவிட்டது. பிறகும் மேன்முறையீடு செய்கிறாரே, இது அநியாயம் இல்லையா?"

கோபம் விளங்குகிறது, தம்பி. கட்டளைப் பிரதியோடு பொலிஸ் வாசலில் நாட்கணக்காக நின்ற சனத்தை நானும் கண்டவன். ஆனால் வழக்கமாகப் பார்ப்பவர்களுக்குத் தெரியும், நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான். கட்டளை நிறைவேறவில்லை என்பது மட்டும் அவமதிப்பு ஆகாது. அந்தக் கட்டளை அதிகாரிக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தும் வேண்டுமென்றே மீறியிருக்க வேண்டும். அதுவும் நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் நிரூபிக்கப்பட வேண்டும். கொலை வழக்குக்கு உள்ள அதே அளவு. அப்படி நிரூபிக்கப்பட்டதா என்று மேல் நீதிமன்றம் பார்ப்பதற்குத்தான் மேன்முறையீடு.

நான் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்த காலத்தில் இதே போன்ற வழக்கில் ஒரு சிங்கள அதிகாரி கூண்டில் நின்றார். வடக்கு கிழக்கில் நீதிமன்றப் பதிவு தமிழில்தானே, கட்டளையும் தமிழில் போயிருந்தது. யாரோ பாதியை வாசித்துச் சொல்லியிருக்கிறார்கள். "எனக்குச் சொன்னது வேறு" என்று அவர் சிங்களத்தில் சொன்னதை நான்தான் தமிழில் சொன்னேன். குற்றச்சாட்டைச் சிங்களத்தில் மறுபடி வாசிக்கச் சொல்லி, பதிலளிக்கத் தவணை கொடுத்தார் நீதிபதி. மொழிபெயர்ப்பு கேட்பது அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை தந்த உரிமை. நம் ஆட்கள் கொழும்பில் கூண்டில் நிற்கும்போதும் அதே உரிமைதான்.

மேன்முறையீடு செய்தால் தப்பிவிடுவார் என்றும் நினைக்க வேண்டாம். ஹோமாகம நீதவான் நீதிமன்றத்தில் 2016இல் நடந்துகொண்ட விதம் அவமதிப்பு என்று பௌத்த பிக்கு ஞானசார தேரருக்கு 2018இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தண்டனை விதித்தது. உயர் நீதிமன்றம் அவருடைய மேன்முறையீட்டு மனுவை ஏற்கவில்லை. 2019இல் அவரை வெளியே விட்டது ஜனாதிபதியின் மன்னிப்பு.

சரி, நீங்கள் கேட்டிருக்க வேண்டியது வேறொன்று: மேலே போக வழியே இல்லாதவன் என்ன செய்வான்? தன் வழக்கைத் தானே வாதாடிய டொனி பெர்னாண்டோவுக்கு 2003இல் உயர் நீதிமன்றமே அவமதிப்புக்காக ஒரு வருடக் கடூழியச் சிறை விதித்தது. அதற்கு மேல் நாட்டில் நீதிமன்றம் இல்லை. அந்தச் சிறைவைப்பு எதேச்சையானது என்று ஐ.நா. மனித உரிமைக் குழு 2005இல்தான் சொன்னது. அவமதிப்புக்கென்று தனிச் சட்டம் நமக்கு வந்ததோ 2024இல். அந்த மனிதரை நினைத்தால் இன்னும் மனம் ஆறுவதில்லை.

தம்பி, தீர்ப்பின் பிரதி கிடைத்தால் பாருங்கள்: கட்டளை எந்த மொழியில் போனது, யார் கையொப்பமிட்டு வாங்கினார்? அவரே வாங்கி, விளங்கியும் மீறியிருந்தால் இந்த மேன்முறையீடு நிற்பது கஷ்டம்.