பனிமலைக்குப் போகிறவர்கள் என்ன உடுத்துவது?

நேயர்களுக்கு வணக்கம்.

டிசம்பர் பிறந்துவிட்டால் சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் மதுரையிலிருந்தும் இளைஞர்கள் டேராடூனுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். அங்கிருந்து புரோலா, மோரி வழியாக ஏறத்தாழ 200 கிலோமீட்டர் மலைப்பாதையில் போனால் சாங்க்ரி என்ற சிற்றூர் வரும். கேதார்கந்தா சிகரத்துக்கு நடை தொடங்கும் இடம் அதுதான். சிகரத்தின் உயரம் சுமார் 3,800 மீட்டர். குளிர்காலத்திலும் புதியவர்கள் ஏறக்கூடிய சிகரம் என்பதால், முதன்முதலாகப் பனியில் கால்வைக்கும் நம் ஊர்க்காரர்கள் பலர் இங்கேதான் வருகிறார்கள். அவர்களை மேலே கூட்டிப்போய்க் கூட்டிவருவது என் வேலை. அந்தக் குளிரில் எதை உடுத்த வேண்டும், எதை வீட்டிலேயே வைத்துவிட்டு வர வேண்டும் என்பதைத்தான் இன்று உங்களோடு பேசப்போகிறேன்.

சாங்க்ரியில் பைகளைப் பிரிக்கச் சொல்லிப் பார்ப்பது வழக்கம். அநேகமாக எல்லாப் பைகளிலும் ஒரே சரக்குதான் இருக்கும். ஒரு ஜீன்ஸ், நாலைந்து பருத்தி டி-ஷர்ட், அம்மா வற்புறுத்திக் கொடுத்தனுப்பிய கனத்த ஸ்வெட்டர், ஒரு மங்கி குல்லா, பைக் ஓட்டும்போது போடும் ரெக்சின் ஜாக்கெட். முதுகு வளைகிற கனம். இதில் குளிருக்கு ஆவது ஸ்வெட்டரும் குல்லாவும்தான். அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது!

அடிப்படையான விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். எந்தத் துணியும் தானாகச் சூடு தராது. சூட்டை உண்டாக்குவது உங்கள் உடம்பு. அந்தச் சூடு ஓடிப்போகாமல் காப்பது, உடம்பைச் சுற்றி அசையாமல் நிற்கிற காற்று. குளிர்கால விடியலில் ஒரு புறாவைக் கவனியுங்கள். சிறகையெல்லாம் சிலிர்த்துக்கொண்டு உருண்டையாக உட்கார்ந்திருக்கும். இறகுகளுக்கு நடுவே காற்றை நிறைத்து வைத்திருக்கிறது. நல்ல குளிராடை செய்யும் வேலையும் அதுதான். காற்றுக்குக் கனம் மிகமிகக் குறைவு. ஆகவே, காற்றைப் பிடித்துவைக்கத் தெரிந்த ஆடைக்கும் கனம் தேவையில்லை.

சரி, அந்தக் காற்றுக்கு எதிரி யார்? வெளியிலிருந்து வரும் பனியைவிட, உள்ளிருந்து வரும் வியர்வைதான். இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. பனியில் எப்படி வியர்க்கும் என்கிறார்கள். மூட்டையோடு மேட்டில் ஏறும்போது நம் உடம்பு, சும்மா உட்கார்ந்திருப்பதைப் போல நாலைந்து மடங்கு வெப்பத்தை உண்டாக்குகிறது. கனத்த ஜாக்கெட்டுக்குள் அது அடைபட்டால் அரைமணி நேரத்தில் முதுகு தெப்பலாகிவிடும். நடக்கிற வரைக்கும் தெரியாது. நின்ற பிறகுதான் வினை. நீர், காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். அது போக, அந்த ஈரம் உலர்வதற்கும் உங்கள் உடம்பின் சூடுதான் செலவாக வேண்டும். ஒரு சின்ன டம்ளர் அளவு, 100 மில்லி வியர்வை உலர எவ்வளவு வெப்பம் வேண்டும் தெரியுமா? ஓய்வாக உட்கார்ந்திருக்கும் ஒருவரின் உடம்பு சுமார் 40 நிமிடங்களில் உண்டாக்கும் வெப்பம் முழுவதும் அதற்கே போய்விடும்.

இங்கேதான் பருத்தி நம்மைக் கவிழ்த்துவிடுகிறது. திருப்பூர் பனியனை நான் குறை சொல்ல மாட்டேன். மதுரை வெயிலுக்கு அதைப்போல ஒன்று கிடையாது. வியர்வையை உறிஞ்சும், பிடித்துவைக்கும், மெல்ல உலரும், அதனால் உடம்பைக் குளிர்விக்கும். வெயிலில் நமக்கு வேண்டியது அது. பனியில் நம்மைக் கொல்லக்கூடியதும் அதே குணம்தான். ஜூடா கா தாலாப் முகாமுக்கு வந்துசேர்ந்ததும் பையன்கள் பனியனைக் கழற்றிப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும். அதைக் கூடாரத்தின் கயிற்றில் போட்டுவிட்டுச் சாப்பிட்டுவிட்டு வந்து பாருங்கள், பலகை மாதிரி விறைத்து நிற்கும். ஜீன்ஸுக்கும் அதே கதிதான். நனைந்த ஜீன்ஸ் தொடையோடு ஒட்டிக்கொண்டு, ஒவ்வொரு அடிக்கும் சூட்டை உறிஞ்சும்.

ஆகவே தோலை ஒட்டிப் போடுவது பாலியஸ்டரோ மெரினோ கம்பளியோ ஆக இருக்கட்டும். பாலியஸ்டர் இழை தண்ணீரைக் குடிக்காது. வியர்வையை வெளிப்பக்கம் தள்ளிவிட்டுச் சீக்கிரம் காய்ந்துவிடும். கிரிக்கெட் ஆடப் போடுகிற ஜெர்ஸி இருந்தால் அதுவே போதும், புதிதாக வாங்க வேண்டாம். மெரினோ விலை அதிகம். ஆனால் தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை ஈரத்தை இழைக்குள் வாங்கிக்கொண்டும் தோலுக்குச் சில்லென்று படாது. நாலு நாள் போட்டாலும் நாற்றம் எடுக்காது. ஒரே கூடாரத்தில் மூன்று பேர் படுக்கும்போது இதன் அருமை தெரியும்.

அதற்கு மேல் மெல்லிய ஃபிளீஸ் ஒன்று, அதாவது பஞ்சு போன்ற செயற்கை இழைத் துணியில் தைத்த மேல்சட்டை. நடக்கும்போது இவ்வளவுதான்! காற்று வீசினால் மட்டும், மடித்தால் உள்ளங்கையில் அடங்குகிற விண்ட்சீட்டரை மேலே போடுங்கள். ஃபிளீஸ் எவ்வளவு நன்றாகக் காற்றைப் பிடித்தாலும், வேகமான காற்று அதன் இழைகளுக்குள் புகுந்து எல்லாவற்றையும் துடைத்துக்கொண்டு போய்விடும். 150 கிராம் நைலான் அதைத் தடுத்துவிடும். கிளம்பும்போது லேசாகக் குளிரத்தான் வேண்டும். பத்து நிமிடத்தில் நடை சூடு கொடுத்துவிடும். கிளம்பும்போதே கதகதப்பாக இருக்கிறதா? அப்படியானால் அதிகமாகப் போட்டிருக்கிறீர்கள், ஒன்றைக் கழற்றுங்கள் என்று நான் விடாமல் நச்சரிப்பேன். நெற்றியில் வியர்வை அரும்பும்போதே குல்லாவைக் கழற்றுவது, கழுத்து ஜிப்பை இறக்குவது, அப்புறம் நடையைக் கொஞ்சம் தளர்த்துவது, இவையெல்லாம் உடையைப் போலவே முக்கியம்.

நின்றதும் கதை மாறுகிறது. அப்போதுதான் தூவி ஜாக்கெட். டவுன் ஜாக்கெட் என்று கடையில் கேளுங்கள். வாத்தின் மார்புப் பகுதியில், வெளியிறகுக்கு அடியில் இருக்கும் பஞ்சு போன்ற மென்தூவியை அடைத்துத் தைத்தது. பையிலிருந்து எடுக்கும்போது ஒரு தேங்காய் அளவுதான் இருக்கும். உதறிவிட்டால் கண்ணெதிரே உப்பிப் பெரிதாகும். எடை சுமார் 400 கிராம். பையின் மேல்பாகத்திலேயே வைத்திருங்கள். நின்ற அந்த நிமிடமே, உடல்சூடு இறங்குவதற்கு முன்பே, எல்லாவற்றுக்கும் மேலே போட்டுக்கொள்ள வேண்டும். நடுக்கம் வந்தபிறகு போட்டால் அடைத்துவைக்கச் சூடே மிஞ்சியிருக்காது.

இந்தத் தூவிக் கோட்டுக்கு ஒரு வரலாறு உண்டு. 1922இல் எவரெஸ்ட் ஏற முயன்ற பிரிட்டிஷ் குழுவில் ஜார்ஜ் ஃபிஞ்ச் என்ற வேதியியல் அறிஞர் இருந்தார், ஆஸ்திரேலியாவில் பிறந்தவர். மற்றவர்கள் கம்பளியையும் ட்வீட் கோட்டையும் நம்பி நின்றபோது, இவர் பலூன் செய்யும் துணிக்குள் ஐடர் வாத்தின் தூவியை அடைத்துத் தைத்த கோட்டோடு வந்தார். கூட இருந்தவர்கள் கேலி செய்தார்கள். குளிரும் காற்றும் கடுமையானபோது அந்தக் கேலி அடங்கிவிட்டது. அந்த மே மாதம் ஃபிஞ்சும் ஜெஃப்ரி புரூஸும் ஆக்சிஜன் துணையோடு சுமார் 8,300 மீட்டர் வரை ஏறினார்கள். அதுவரை மலையேறியவர் யாரும் எட்டாத உயரம் அது. காற்று புகாத மெல்லிய துணி, உள்ளே தூவி என்ற அவருடைய யோசனையைத்தான் நூறு ஆண்டுக்குப் பிறகும் நாம் போட்டுக்கொண்டிருக்கிறோம். அந்த மனிதர் மீது எனக்குத் தனி மரியாதை உண்டு.

வாங்கும்போது 600, 800 என்று ஃபில் பவர் எண்ணைக் காட்டுவார்கள். ஒரு அவுன்ஸ் தூவி எத்தனை கன அங்குல இடத்தை அடைக்கும் என்பதுதான் அந்த எண். எண் பெரிதாக இருந்தும் உள்ளே தூவி கொஞ்சமாக இருந்தால் பயனில்லை, எத்தனை கிராம் அடைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். தூவி நனைந்தால் கட்டிதட்டிப் போய்விடும் என்பதையும் மறக்கக் கூடாது. மழைக்கு வாய்ப்புள்ள மாதத்தில் செயற்கைப் பஞ்சு அடைத்த ஜாக்கெட்டே நல்லது. கொஞ்சம் கனம் கூடும், ஆனால் ஈரத்திலும் ஓரளவு காப்பாற்றும். ஒரே ஒரு பயணத்துக்காக வாங்க வேண்டியதில்லை, சாங்க்ரியிலேயே வாடகைக்குக் கிடைக்கிறது.

பாதத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். குளிருக்குப் பயந்து இரண்டு ஜோடி காலுறையை இறுக்கமான ஷூவுக்குள் திணிக்காதீர்கள். ரத்த ஓட்டம் குறைந்து விரல்கள் இன்னும் விறைக்கும். ஒரே ஒரு கம்பளிக் காலுறை, விரல்கள் அசைய இடம், இது போதும். கைக்கு மெல்லிய கையுறை ஒன்று, அதன் மேல் காற்றுப் புகாத உறை ஒன்று. ஷூ நாடாவைக் கட்டும்போது மேலுறையை மட்டும் கழற்றினால் விரல் மரத்துப்போகாது. தூங்குவதற்கென்று ஒரு செட் உலர்ந்த உடையைப் பிளாஸ்டிக் பையில் சுற்றித் தனியாக வையுங்கள், என்ன ஆனாலும் அதைப் பகலில் தொடக் கூடாது. படுக்கும் முன் வெந்நீர்ப் பாட்டிலை நன்றாக மூடித் தூக்கப்பைக்குள் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு கடலை மிட்டாயும் சாப்பிடுங்கள், உடம்பு சூடு உண்டாக்க எரிபொருள் வேண்டுமே. சாராயம் சூடு தரும் என்பது பொய். அது தோலுக்கு ரத்தத்தைக் கொண்டுவந்து, உள்ளே இருக்கும் சூட்டை வெளியே விடுகிறது.

கடைசியாக, கூட நடப்பவரைக் கவனியுங்கள். ஜிப்பைப் போட முடியாமல் விரல் தடுமாறுகிறதா, பேச்சு குழறுகிறதா, கால் இடறுகிறதா, கலகலப்பானவர் ஒதுங்கி உட்கார்ந்துவிட்டாரா? உடலின் உள்வெப்பம் 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தவர் திடீரென நடுக்கம் நின்று அமைதியானால், அது குணமான அறிகுறி அல்ல, ஆபத்து முற்றிய அறிகுறி. உடனே வழிகாட்டியைக் கூப்பிடுங்கள். ஈர உடையைக் கழற்றி உலர்ந்ததைப் போட்டு, தரைக்கும் அவருக்கும் நடுவே பாயோ பையோ வைத்து, தூக்கப்பைக்குள் படுக்கவையுங்கள். கையையோ காலையோ பரபரவென்று தேய்க்கக் கூடாது. நினைவு தெளிவாக இருந்து, விழுங்கவும் முடிந்தால் மட்டும், சர்க்கரை போட்ட சூடான பானம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். அன்றைக்குச் சிகரம் வேண்டாம், கீழே இறங்குங்கள்.

நன்றி, வணக்கம்.