உடம்பா, ஊரா? வேற்றுக்கிரகக் கல்யாணப் பட்டிமன்றத்தில் 'ஊரே' அணியின் உரை

நடுவர் ஐயா அவர்களுக்கும், மேடையில் இருக்கும் இரு அணியினருக்கும், முன்வரிசையில் உட்கார்ந்து இப்போதே கடிகாரம் பார்க்க ஆரம்பித்துவிட்ட அண்ணாச்சிக்கும் வணக்கம்.

அறிவியல் புனைகதை எழுதுகிற ஒருவர் வேற்றுக்கிரகவாசிகளுக்குக் கல்யாணம் செய்துவைக்க ஆசைப்படுகிறார். எங்கிருந்து ஆரம்பிக்க வேண்டும்? அவர்களுடைய உடம்பிலிருந்தா, அவர்களுடைய ஊரிலிருந்தா? இதுதான் இன்றைய வழக்கு. நான் ஊர்க்காரன்.

எனக்கு முன்னால் பேசிய அக்கா, தூண்டில் மீனை இந்த மேடையில் நீந்தவிட்டார். ஆழ்கடல், கும்மிருட்டு. பெண் மீன் பெரிது, ஆண் மீன் பொடியன். பெண்ணைக் கடித்துப் பிடிக்கிறான், தோலோடு தோல் ஒட்டுகிறது, ரத்தக்குழாய் ஒன்றாகிறது, அப்புறம் ஆயுசுக்கும் அங்கேயேதான். 'வீட்டோடு மாப்பிள்ளை கேள்விப்பட்டிருப்பீங்க, இவர் உடம்போடு மாப்பிள்ளை' என்றார். அரங்கமே கைதட்டியது. நானும் தட்டினேன், மறைக்கவில்லை.

ஆனால் அக்கா பாதிக் கதையில் இறங்கிவிட்டார். மீதியை நான் சொல்கிறேன். 1922இல் ஐஸ்லாந்து நாட்டு மீனியல் அறிஞர் பியார்னி சைமுண்ட்சன் இப்படி ஒரு பெண் மீனைப் பார்த்தார். அதன்மேல் இரண்டு சின்ன மீன்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. குஞ்சுகள் என்று நினைத்துவிட்டார். 1925இல்தான் இங்கிலாந்தின் சார்லஸ் டேட் ரீகன், அதேபோல ஒட்டியிருந்த ஒன்றை அறுத்துப் பார்த்து, 'இது பிள்ளை இல்லை, மாப்பிள்ளை' என்று கண்டுபிடித்தார். மூன்று வருஷமாக மாப்பிள்ளையைப் பிள்ளை என்று ஊர் நினைத்திருக்கிறது ஐயா! ஏன்? பத்திரிகை அடிக்கவில்லை, பந்தல் போடவில்லை, இன்னாருக்கும் இன்னாருக்கும் என்று யாரும் வாய்திறந்து சொல்லவில்லை. சில வகைகளில் ஒரே பெண்ணோடு பல ஆண்கள் ஒட்டியிருப்பதும் உண்டு. யார் மூத்தவர், யார் இளையவர், யாருக்கு என்ன உரிமை? ஒரு பஞ்சாயத்தும் இல்லை. பஞ்சாயத்து இல்லாத இடத்தில் கதாசிரியருக்கு என்ன சார் வேலை? அக்கா காட்டியது ஒட்டுதல். கல்யாணத்தை இன்னும் காட்டவில்லை.

கல்யாணம் எதற்காக வந்தது என்பதற்கு நம்மிடம் பழைய விளக்கம் ஒன்று இருக்கிறது. தொல்காப்பியம், கற்பியல்:

'பொய்யும் வழுவும் தோன்றிய பின்னர்
ஐயர் யாத்தனர் கரணம் என்ப.'

பொய் வந்தது, தப்பு நடந்தது, அதற்குப் பிறகு பெரியவர்கள் சடங்கை ஏற்படுத்தினார்கள் என்கிறார். உடம்பைப் பற்றி ஒரு சொல் இல்லை. குறுந்தொகையின் 25ஆம் பாட்டில் கபிலரின் தலைவி படும் பாட்டைப் பாருங்கள். அவன் வந்தான், கலந்தான், போனான். 'யாரும் இல்லைத் தானே கள்வன்' என்கிறாள். அவனே பொய் சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன்? அன்றைக்கு அங்கே இருந்தது ஒரே ஒரு குருகுதான், கொக்கு மாதிரி ஒரு பறவை. அதுவும் நம்மைப் பார்க்கவில்லை, ஓடுகிற தண்ணீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தது! உடம்புக் கணக்கில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. சாட்சிதான் இல்லை.

ஆகவே புதுக் கிரகத்தில் இறங்கும் எழுத்தாளர் அங்குள்ளவர்களுக்கு எத்தனை கால், எத்தனை கண் என்று எண்ணுவதை அப்புறம் வைத்துக்கொள்ளட்டும். இவர்களில் யார், யாரிடம், எப்படிப் பொய் சொல்ல முடியும் என்று முதலில் விசாரிக்கட்டும். கல்யாண முறை தானாகக் கிடைக்கும்.

எதிரணியில் கணிதப் பேராசிரியர் ஒருவர் தலையை ஆட்டுகிறார். ஆமோதிக்கிறாரா, அடுத்து என்னை அடிக்கத் தயாராகிறாரா தெரியவில்லை. அவர் கேட்கப் போவதை நானே கேட்டுவிடுகிறேன்: பொய் விலங்குகளிடமும் உண்டே? உண்டு. பிசவுரா என்று ஒரு சிலந்தி. ஆண் ஒரு பூச்சியைப் பிடித்து, பட்டு நூலில் சுற்றி, சீர்வரிசையாகப் பெண்ணுக்குக் கொண்டுபோகும். சில ஆண்கள் என்ன செய்வார்கள் தெரியுமா? தாங்களே சாப்பிட்டுப்போட்ட சக்கையைச் சுற்றிக் கொடுப்பார்கள். பிரித்துப் பார்ப்பதற்குள் காரியம் முடிந்திருக்கும். பொய் தோன்றிவிட்டது, வழு தோன்றிவிட்டது. கரணம் யாக்கத்தான் அங்கே பெரியவர்கள் இல்லை. அந்தப் பொட்டலத்தைப் பெண்ணின் அத்தை சபையில் வைத்துப் பிரிக்கிற நாள் எதுவோ, அன்றைக்குச் சிலந்திகளுக்குக் கல்யாணம் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, 'ஸ்டார் ட்ரெக்' தொலைக்காட்சித் தொடரில் வரும் வல்கன்கள் என்ற வேற்றுக்கிரகவாசிகளை அக்கா சாட்சிக்கு அழைத்தார். ஏழு வருஷத்துக்கு ஒருமுறை அவர்களுக்கு உடம்பு கொதிக்கும், ஊருக்குப் போய் இணை சேராவிட்டால் உயிரே போகும், ஆகவே உடம்பே என்றார். 1967இல் வந்த அந்தப் பகுதியைத் தியடோர் ஸ்டர்ஜன் எழுதினார். அக்கா, காய்ச்சல் வந்ததோடு டிவியை அணைத்துவிட்டீர்களா? அதற்கப்புறம்தானே கதை! ஏழு வயதிலேயே ஸ்பாக் என்ற வல்கனுக்கும் டிபிரிங் என்ற பெண்ணுக்கும் பெற்றோர் நிச்சயம் செய்துவைத்திருக்கிறார்கள். நம்ம ஊர் மாதிரியே. சடங்கு நடத்த ஒரு பெரிய மனுஷி வந்து உட்காருகிறார். அந்த நேரத்தில் மணப்பெண், 'எனக்காகச் சண்டை நடக்கட்டும்' என்கிறாள். அவர்கள் வழக்கத்தில் அதற்கு இடமுண்டு. தனக்காகச் சண்டைபோட அவள் யாரைக் கைகாட்டுகிறாள்? மனசுக்குப் பிடித்தவன் பக்கத்திலேயே நிற்கிறான். அவனை விட்டுவிட்டு மாப்பிள்ளை வேலைபார்க்கும் விண்கலத்தின் கேப்டனையே காட்டுகிறாள்! கேப்டன் ஜெயித்தால் அவருக்கு இவள் வேண்டாம். மாப்பிள்ளை ஜெயித்தால், சபையில் தன்னை மறுத்தவள் அவனுக்கு வேண்டாம். எப்படி விழுந்தாலும் இவளுக்குப் பிடித்தவன் இவளுக்கு. நம்ம ஊர் வக்கீல்கள் தோற்றார்கள் போங்கள். உடம்பு கொடுத்தது காய்ச்சல் மட்டும். அந்தப் பெண்ணுக்கு வழிவிட்டது ஊர் வழக்கத்தில் இருந்த ஓட்டை.

1969இல் அர்சுலா லெ குவின் தன் நாவலில் படைத்த கெத்தன் கிரகமும் அப்படித்தான். அங்கே யாரும் நிரந்தர ஆணும் இல்லை, நிரந்தரப் பெண்ணும் இல்லை. மாதத்தில் சில நாள் மட்டும் யாரும் எதுவாகவும் ஆகலாம். ஒருவரே சில பிள்ளைகளுக்குத் தாயாகவும் வேறு சில பிள்ளைகளுக்குத் தந்தையாகவும் இருக்கலாம். உடம்பு இதைவிட என்னத்தைத் தளர்த்திவிடும்? ஆனால் அங்கேயும் இருவர் சேர்ந்து எடுத்துக்கொள்ளும் ஓர் உறுதிமொழி உண்டு. பிரிந்துகூடப் போகலாம், ஆனால் அந்த வாக்கை ஆயுசில் ஒரே தரம்தான் கொடுக்க முடியும். மாதாமாதம் மாறுகிற உடம்பு. மாறாத ஒரு வாக்கு. அந்த நாவலில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது இரண்டாவதுதான். உங்களுக்கு எப்படியோ.

சரி, அடுத்தவர் கிரகங்களையே பேசிக்கொண்டிருந்தால் போதாது. நானே ஒன்றில் கல்யாணம் நடத்திக் காட்டுகிறேன். சூரியனுக்கு மிக அருகிலுள்ள விண்மீன் பிராக்சிமா சென்டாரி. சுமார் 4.2 ஒளியாண்டு தூரம். அதைச் சுற்றும் ஒரு கிரகத்தை 2016இல் அறிவித்தார்கள். அங்கே ஒரு வருஷம் என்பது நம்முடைய 11 நாள் சொச்சம். கணக்குப் போட்டேன்: பிறந்து நம்முடைய இரண்டு வருஷம் முடிவதற்குள் அறுபதாம் கல்யாணம் வந்துவிடுகிறது! அதோடு, அந்தக் கிரகம் நிலா நமக்குக் காட்டுவதுபோலத் தன் விண்மீனுக்கு ஒரே முகத்தைத்தான் காட்டிக்கொண்டிருக்கும் என்று கருதுகிறார்கள். ஒரு பக்கம் எப்போதும் பகல். முகூர்த்தம் எப்படிக் குறிப்பது? அருந்ததியை எப்படிக் காட்டுவது? நமக்கு அந்தக் கவலை இல்லை. பட்டப்பகலில் மண்டபத்துக்கு வெளியே கூட்டிப்போய், வெறும் வானத்தைக் காட்டி, 'தெரியுதா?' என்பார்கள். இருவரும் 'தெரியுது' என்பார்கள். தம்பதியாகச் சேர்ந்து சொல்லும் முதல் பொய்! தொல்காப்பியர் எதற்காகக் கரணம் வந்தது என்றாரோ, அதைக் கரணத்துக்குள்ளேயே கொண்டுவந்து வைத்தவர்கள் நாம்.

அந்த நிரந்தரப் பகலில் வாழ்பவர்களுக்கு வாயில்லை என்று வைத்துக்கொள்வோம். தோலில் ஓடும் நிறம்தான் பேச்சு. ஆசை, கோபம், துக்கம் எல்லாம் வெளியே தெரியும். பொய்யே சொல்ல முடியாது போலிருக்கிறதே என்பீர்கள். ஆஸ்திரேலியக் கடலில் ஒரு வகைக் கணவாய் இருக்கிறது. ஆண் கணவாய் தன் உடம்பின் ஒரு பக்கத்தில் ஆணுக்குரிய கோலத்தைப் பெண்ணுக்குக் காட்டும். அதே நேரம் மறுபக்கத்தில், போட்டிக்கு வந்த ஆணின் கண்ணுக்குத் தெரியும்படி பெண்ணின் கோலத்தைப் போட்டுக்கொள்ளும். ஒரே தோல், இரண்டு பேச்சு. என் கிரகத்து ஆட்களும் அப்படித்தான். பொய் எங்கே இருக்கிறது? முதுகுப் பக்கத்தில்.

இனி கல்யாணம் எப்படி இருக்கும் என்று நான் சொல்லவே வேண்டாம். மண்டபம் வட்டம். நடுவில் இருவர். சுற்றிலும், ஓர் ஆள் இடைவெளிகூட இல்லாமல், ஊர். எந்தப் பக்கம் திரும்பினாலும் யாராவது பார்ப்பார்கள். இருவருடைய முதுகிலும் முகத்திலும் ஒரே நிறம்தான் என்று கடைசி ஆள்வரை தலையசைத்தால்தான் கல்யாணம். சுவரில் சாய்ந்து நிற்பது அங்கே பெரிய அவமரியாதை. நம்மிடம் மொய் நோட்டில் பெயர் எழுதுகிறார்களே, அதுபோல அங்கே யார் எந்த இடத்தில் உட்கார்ந்தார் என்று எழுதிவைப்பார்கள். நாளைக்குத் தகராறு வந்தால், 'அந்த மூலையில் உட்கார்ந்திருந்த மாமாவைக் கூப்பிடுங்கள், அவர்தான் மாப்பிள்ளையின் இடது விலாவைப் பார்த்தவர்' என்பார்கள்.

'தோல் உடம்புதானே தம்பி' என்று அக்கா எழுந்திருப்பதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன். ஆமாம், தோல் உடம்புதான். அந்தப் பாதியை உங்களுக்கே விட்டுக்கொடுக்கிறேன். ஆனால் அதே தோல் கணவாய்க்கும் இருக்கிறது. கணவாய் இதுவரை ஒரு மண்டபம் கட்டவில்லை.

இப்போது அந்த ஊரில் ஒரு பெண். அப்பா அம்மா இல்லை, சொந்தம் என்று ஐந்தே பேர். வட்டம் நிறைய முப்பது பேராவது வேண்டும். கூலிக்கு ஆள் வைக்கலாம், ஆனால் காசுக்கு வந்தவன் எதைப் பார்த்தாலும் தலையசைப்பான். மாப்பிள்ளை வீட்டார் தங்கள் ஆட்களை வைத்தே நிரப்பிக்கொள்ளலாம் என்கிறார்கள், பெருந்தன்மைதான், ஆனால் அவன் முதுகில் என்ன தெரிந்தாலும் அவர்கள் சொல்வார்களா? அவளுக்கும் தெரியும். எப்படியோ கெஞ்சிக் கூத்தாடி ஆள் சேர்த்து, முகூர்த்தத்துக்கு ஓர் இடம் மட்டும் காலியாக நிற்கிறது. அவன் மெல்ல, யாரும் கவனிக்காத மாதிரி, அந்தக் காலி இடத்தைப் பார்த்து முதுகைத் திருப்புகிறான்.

அந்த இடத்தில் நான் யாரை உட்கார வைப்பது? கபிலரின் குருகைத் தூக்கிக்கொண்டுபோய் வைக்கலாம் என்று பார்க்கிறேன். ஆனால் அது மறுபடியும் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தால்?

நடுவர் ஐயா மணியைக் கையில் எடுத்துவிட்டார். வணக்கம்.