கடல் உப்பு தருவது சத்தா, சுவையா? – ‘சுவையே’ அணியின் உரை

நடுவர் ஐயா அவர்களே, எதிரே சிரித்தபடி உட்கார்ந்திருக்கும் ‘சத்தே’ அணியினரே, கொசுக்கடியிலும் இடம் விட்டு நகராத ஊர்ப் பெரியவர்களே, தாய்மார்களே, வணக்கம்.

எனக்கு முன்னால் அக்கா பேசினார். “கடல் தண்ணியில இல்லாத தாதுவே இல்லை. அது வெயில்ல காய்ஞ்சா கல்லுப்பு. கல்லுப்பு போட்டுச் சமைக்கிற வீட்டுக்குச் சத்து மாத்திரை எதுக்கு?” என்று கேட்டார். கைதட்டல் விழுந்தது. நானும் தட்டினேன், அவர் பேசிய அழகுக்காக.

அக்கா கடலையும் பார்த்திருக்கிறார், அடுப்படியையும் பார்த்திருக்கிறார். நடுவில் இருக்கும் உப்பளத்தைப் பார்க்கவில்லை. வாருங்கள், தூத்துக்குடிக்குப் போவோம்.

பாத்தியில் கடல்நீர் நிற்கிறது. கடல்நீர் என்று சொல்கிறேனே தவிர, அங்கே பல அளங்களில் பூமிக்கடியிலிருந்து இறைக்கும் உவர்நீர்தான், அது தனிக்கதை. வெயில் ஏற ஏற முதலில் அடியில் படிவது சுண்ணாம்பும் ஜிப்சமும். நீங்கள் தேடும் கால்சியத்தில் பெரும்பங்கு அங்கேயே தங்கிவிடுகிறது! நீர் இன்னும் சுண்டி 25 டிகிரிப் பக்கம் வந்தால்தான் (சூடு அல்ல, நீரின் அடர்த்தியை அளக்கும் போமே டிகிரி) உப்பு பூக்கத் தொடங்கும். 30 டிகிரியைத் தொடும் முன்பே மிச்ச நீரை வடித்துவிடுவார்கள். ஏன்? அதற்கு மேல் விட்டால் மெக்னீசியம் சேர்ந்து உப்பு கசந்துவிடும். அப்படி வடித்து வெளியே விடும் கசப்பு நீரில்தான் கடலின் மெக்னீசியம் போய்விடுகிறது. ஜப்பானில் அந்த நீரை எடுத்து வைத்துச் சோயா பாலை உறைய வைக்கிறார்கள். நாமோ அதைப் பெரும்பாலும் ஓட விட்டுவிட்டு, உப்புக்குள் மெக்னீசியத்தைத் தேடுகிறோம்.

கண் கூசும் வெயிலில், காலில் புண்ணோடு, தலையில் சுமந்து உப்பு கொட்டுகிறார்களே நம் பெண்கள், அவர்கள் வாரிக் கொடுக்கும் உப்பு வெள்ளையாக, கசக்காமல் இருப்பதே அந்தத் தொழிலின் திறமை. கசப்பை ஒதுக்கத் தெரிந்தவர்தான் நல்ல உப்பு எடுப்பார். அந்தக் கசப்புக்கு அக்கா ‘சத்து’ என்று பெயர் வைத்திருக்கிறார்!

ஒதுக்கியும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரும், மறுக்கவில்லை. ஐப்பசி மழையில் உப்பு ஜாடி தண்ணீர் விட்டுக்கொண்டு நிற்குமே, அது பெரும்பாலும் அந்த மெக்னீசியம் குளோரைடு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் வேலைதான். அந்தத் தண்ணீரை நம் அம்மா என்ன செய்தார்? “ஐயோ, சத்து போகுதே” என்று குடித்தாரா? வடித்துக் கொட்டினார்.

சரி, கணக்குக்கு வருவோம். உண்ணும் உப்பில் ஈரம் நீக்கிப் பார்த்தால் நூற்றுக்கு 96 பங்காவது சோடியம் குளோரைடு இருக்க வேண்டும் என்பது நம் நாட்டு விதி. மிச்சம் 4. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு ஒருவருக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு போதும் என்கிறது. 5 கிராமில் அந்த 4 பங்கு எவ்வளவு? 200 மில்லிகிராம். ஜிப்சம், மண், தூசி எல்லாம் அதற்குள்தான். போகட்டும், விட்டுக்கொடுக்கிறேன். அந்த 200-ம் சுத்த மெக்னீசியம் என்றே வைத்துக்கொள்ளுங்கள் அக்கா! அப்போதும் உடம்பு ஒரு நாளைக்குக் கேட்கும் 300, 400 மில்லிகிராமுக்குப் போதவில்லை. 100 கிராம் கேழ்வரகில் கால்சியம் மட்டுமே சுமார் 350 மில்லிகிராம். களி கிண்டுங்கள், கூடவே முருங்கைக்கீரை வதக்குங்கள். உப்பு அதற்கு ருசி கொடுக்கட்டும்.

“கடல்ல அயோடின் இருக்கே” என்றார் தம்பி. இருக்கிறது, லிட்டருக்கு 0.06 மில்லிகிராம் அளவில். அதை மீனும் கடற்பாசியும் உடம்பில் சேர்த்துக்கொள்கின்றன. உப்பில் துளியும் சிந்தாமல் வந்து சேர்ந்தால்கூட 5 கிராமுக்கு 11 மைக்ரோகிராம்தான் தேறும். நமக்குத் தேவை 150, கர்ப்பிணிக்கு 250. ஹிமாச்சலத்துக் காங்ரா பள்ளத்தாக்கில் கழுத்துக் கழலை வீட்டுக்கு வீடு இருந்த காலத்தில், 1956-ல் மருத்துவர் ராமலிங்கசுவாமியும் குழுவினரும் அயோடின் சேர்த்த உப்பைக் கொடுத்துப் பார்த்தார்கள். கழலை குறைந்தது. குறைத்தது உப்பல்ல, மனிதன் அளந்து சேர்த்த அயோடின். கல்லுப்புதான் பிடிக்கும் என்றால் அயோடின் சேர்த்த கல்லுப்பே கடையில் கிடைக்கிறதே, பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள்.

வேதாரண்யத்தையும் இழுத்தார்கள். 1930 ஏப்ரல் 13-ல் திருச்சியிலிருந்து ராஜாஜி தலைமையில் தொண்டர்கள் நடந்து, மாதக் கடைசியில் அங்கே அள்ளியது கல்லுப்புதானே என்றார்கள். கல்லுப்பேதான்! அவர்கள் எதிர்த்தது வரியை. “வெள்ளைக்காரன் எங்கள் மெக்னீசியத்தைத் திருடுகிறான்” என்று யாராவது முழங்கினார்களா?

ஊறுகாய்க்கும் கருவாட்டுக்கும் கல்லுப்புதான் என் வீட்டிலும். அதில் சண்டை இல்லை. என் பயமெல்லாம் அந்த ‘சத்து’ என்ற சொல்லைப் பற்றித்தான். ‘ருசி’ என்று நினைத்துப் போடும் கை அளந்து போடும். ‘சத்து’ என்று நினைத்துவிட்டால், ரத்தக்கொதிப்பு மாத்திரை சாப்பிடும் அப்பாவின் தட்டிலும் இன்னொரு சிட்டிகை விழும். “இது இயற்கை உப்புப்பா, ஒண்ணும் பண்ணாது” என்று வீட்டுக்கு வீடு கேட்கிறேன். இயற்கையாக வந்தாலும் சோடியம் சோடியம்தான், ஐயா. பாறையிலிருந்து வெட்டிய ரோஜா நிற உப்பைப் பல மடங்கு விலை கொடுத்து வாங்குகிறவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். அந்த நிறம் இரும்புத் துரு.

மணி அடித்துவிட்டீர்கள் நடுவர் ஐயா, முடித்துக்கொள்கிறேன். அக்காவுக்கு ஒரே ஒரு கேள்வி. மேடைக்குப் பின்னால் நமக்குச் சுண்டல் கொடுத்தார்களே, நீங்கள் இரண்டு வாய் போட்டுக்கொண்டு “உப்பு கூடிப்போச்சு” என்று தொன்னையைக் கீழே வைத்தீர்கள். சத்து கூடிப்போச்சு என்று ஏன் முழுசாகச் சாப்பிடவில்லை?